யார் வீட்டு ஏணியும் அல்ல

கண் விழித்ததும் ஆறு வயது ஸெர்நே கேட்டது வெற்றிலை.

கஞ்சி கேட்டிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம். மூன்று நாள் மலேரியாக் காய்ச்சலில் வெந்து கிடந்த பிள்ளை மூங்கில் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து, நாக்கால் கடைவாயைத் துழாவிக்கொண்டு, "வெத்தலை இருக்கா?" என்றது. அம்மாக்காரி வாபோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"பாத்தியா லாசே, பொழைச்சதும் பொழைக்காததுமா வெத்தலை கேக்குறா! அப்படியே அவ அப்பன் புத்தி."

"குடு, ஒரு வாய் மென்னுட்டுத் துப்பட்டும். மருந்தை விட அதுக்குப் பயந்து காய்ச்சல் ஓடும்" என்று லாசேயும் சிரித்தாள். ஆனால் கண் பிள்ளையின் வாயிலேயே இருந்தது. அந்த நாக்கு பல் பல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாபோ கஞ்சி வைக்கக் கொல்லைப்புற அடுப்புக்குப் போனாள். லாசே வெப்பமானியை எடுத்தாள். முப்பத்தேழு. காலையில் நாற்பதரை இருந்தது. சம்பளமில்லாமல் இரண்டு வருடமாக இந்தச் சின்ன மருத்துவக் குடிசையில் ஊசி கொதிக்க வைத்து, புண் கழுவி, வாந்தி அள்ளி வந்தவளுக்கு ஒரு பிள்ளையின் காய்ச்சல் இறங்குவதைவிடப் பெரிய கூலி கிடையாது. இன்று அந்தச் சந்தோஷம் வரவில்லை. குடிசையில் மருந்து வாடையும் மீன் விழுது வாடையும் எப்போதும் இருப்பவை. அவற்றுக்கு அடியில் இப்போது சேற்று வாடை, ஆற்றின் அடிமண்ணைக் கிளறினால் வருவது, கனமாக, படுக்கைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

தான் செய்ததை நினைத்துப் பார்த்தாள். மருத்துவர் சோ க்ளேதூ விடியலில் படகேறி டவுனுக்குப் போனார், குளுக்கோஸ் பாட்டில் வாங்க. "பிள்ளையை உன்னை நம்பி விட்டுட்டுப் போறேன்" என்றார். மதியம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. வாபோ லாசேயின் காலைப் பிடித்துக்கொண்டாள். உயிர் பயந்து எங்கேயோ ஓடிவிட்டது, கூப்பிடு, கூப்பிடு என்று கதறினாள். ஓடிய உயிரை, தூண் மேல் நிற்கிற சொந்த வீட்டின் வாசல் ஏணியில்தான் அகப்பையால் தட்டிக் கூப்பிட வேண்டும், பிறகு மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி நிறுத்த வேண்டும். வாபோவின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். வெள்ளம் மூங்கில் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. அதனால் லாசே குடிசையின் ஏணியிலேயே தட்டினாள். ஏழு தட்டு. "ஸெர்நே, வீட்டுக்கு வா" என்றாள். மூன்று மணிக்குக் காய்ச்சல் இறங்கியது. அவளே நூல் கட்டினாள், மூன்று சுற்று.

இது யார் வீட்டு ஏணியும் அல்ல. பன்னிரண்டு வருடம் முன்பு சண்டையில் கிராமங்கள் எரிந்தபோது ஜனங்கள் சால்வின் ஆற்றைக் கடந்து கரையேறிய துறையில் நிற்கிற குடிசை இது. கரை சேர்ந்தவர்கள் பாதிப்பேர்தான். நடு ஆற்றில் மூழ்கிப் போனவர்களுக்கு வீடும் இல்லை, ஏணியும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை.

"தங்கச்சி" என்றது பிள்ளை.

லாசேயின் கை நின்றது. ஸெர்நே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, ஒரு துணி குடு. ரொம்பக் குளிருது."

போர்த்திவிட்டாள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். சளியாக இருக்கும், நுரையீரலில் நீர் கோத்திருக்கும், அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதயம் துடிப்பது கேட்டது, மெதுவாக. அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில், தண்ணீருக்குள் ஒருவர் கால் வைத்து நடப்பது கேட்டது. நின்றது. மறுபடி நடந்தது.

குழாயைக் காதிலிருந்து பிடுங்கினாள்.

"நான் ஸெர்நேயைத்தான் கூப்பிட்டேன்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"பேரெல்லாம் தண்ணிக்குள்ள கேக்காதும்மா." பிள்ளையின் முகத்தில் கோபமோ கபடோ இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "தட்டுற சத்தம் கேட்டுச்சு. பன்னெண்டு வருஷமா ஒருத்தரும் தட்டலை. நான் கிட்டத்துல இருந்தேன், ஏறிட்டேன்."

"அவ எங்க?"

"யாரு, அந்தக் குட்டியா? கீழதான் இருந்துச்சு. சின்னப் புள்ளதானே, பெரியவங்க முண்டுறப்போ என்ன பண்ணும்?"

லாசேக்கு அழுகை வந்தது. பயத்தை மீறி வந்த அழுகை. நூலைக் கட்டியது அவள். அவள்தான் அவிழ்க்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தாள். பிள்ளை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அறுக்காத தங்கச்சி" என்று மட்டும் கெஞ்சியது. "கும்புடுறேன்."

அறுத்தாள்.

தலை ஒரு பக்கம் சரிந்தது. மூச்சு நூலிழையாக மெலிந்தது. உதடு நீலம் பாரித்தது. வெறும் உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? பாலம் இல்லை. வேறு ஏணி இல்லை. அகப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. தவளைகூடக் கத்தவில்லை.

தட்டினாள். "ஸெர்நே! ஸெர்நே மட்டும் வா! வாபோ மகள் ஸெர்நே!"

ஏணி கிறீச்சிட்டது.

கீழ்ப்படியில் ஈரம். அடுத்த படியில் ஈரம். பெரிய ஆளின் பாதத் தடம்.

இன்னொன்று.

இன்னொன்று.

குளிர்ந்த தோள் ஒன்று அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. பின்னால் படுக்கை முனகியது. யாரோ ஆழமாக மூச்சு இழுத்தார்கள்.

"லாசே!" கஞ்சியோடு கொல்லையிலிருந்து வந்த வாபோவின் குரல் ஆனந்தத்தில் உடைந்தது. "கண்ணைத் தொறந்துட்டாடி! நூல் எங்க? சீக்கிரம் கட்டு, மறுபடி போயிடப் போகுது!"

லாசே திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஏணிப்படிகள் நிறைய ஆட்கள். ஏணியடியில் ஆட்கள். சேற்றில், சரிவில், துறை வரைக்கும். ஆண்கள், பெண்கள், முதுகில் மூட்டை கட்டியவர்கள், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. எல்லாரும் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எல்லாருக்கும் கடைசியில், முழங்கால் அளவு ஆற்று நீரில், ஸெர்நே. அவளும் கையை நீட்டியிருந்தாள். முன்னால் நிற்பவர் ஓரடி நகர்ந்ததும், தானும் ஓரடி நகர்ந்தாள்.