மூன்றாவது பிடி

இரங்கல் சொல்ல வந்த பெரியவரின் கையை அவள் பற்றியபோது தோல் மட்டும் அவள் விரல்களோடு நகர்ந்து வந்தது. எலும்பு இருந்த இடத்திலேயே நின்றது. அளவு பெரிய கையுறைக்குள் இருக்கும் கைபோல. சட்டென்று விட்டாள். பெரியவர், கசங்கிய சட்டைக் கையைச் சரிசெய்பவர்போல, தோலை மணிக்கட்டுப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரொம்ப நாளா இப்படித்தாம்மா," என்றார்.

பக்கத்து நாட்டை இரண்டு முறை ஆண்டவர் அவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார் என்று காலையில் வானொலி சொன்னது; மாலையில் அதே வானொலி மன்னிப்புக் கேட்டது. செத்துப் பிழைத்த மனுஷன் என்று அவள் கணவர் கேலி செய்வார். அந்தக் கணவர் இப்போது உள்ளறைக் கட்டிலில், தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியோடு கிடந்தார். விடியும்போது உயிர் போயிருந்தது. நாட்டின் தலைவர் இறந்துவிட்டார் என்பது தனக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். வெளியே திரண்டிருந்த கூட்டத்துக்குத் தெரியாது. அவர் நலம்பெற வேண்டி அது மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. உருகும் மெழுகின் வாடை மூடிய சன்னல்களைத் தாண்டி மாடிவரை வந்தது.

டாக்டர், பெரியவர், கணவர் மூவருமே ஃப்ரீமேசன்கள். கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் ஏப்ரன் கட்டிச் சடங்கு செய்யும் சகோதரர்களின் சங்கம் அது. இந்த நாட்டை ஆண்டவர்களில் பாதிப்பேர் அதில் இருந்தவர்கள்தான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "வீட்ல ஒரு நாள் ஏப்ரன் கட்டினதில்ல, அங்க போய் மட்டும் கட்டிக்கிறீங்களாக்கும்," என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு சடங்கைச் சொல்லியிருந்தார். சங்கத்தின் பழங்கதையில் கொலையுண்ட கட்டடக் கலைஞனைப்போல ஒருவர் தரையில் கிடக்க வேண்டும். முதலில் ஒரு சகோதரர் கையைப் பிடித்துத் தூக்குவார், தோல் வழுக்கும். அடுத்தவர் வேறு விதமாகப் பிடிப்பார், சதை வழுக்கும். மூன்றாவது பிடியில் பிணம் எழுந்து நிற்க வேண்டும்.

"நாடகந்தான்," என்று முடிப்பார்.

ஆனால் நேற்று, நாக்கு குழறத் தொடங்கிய பிறகு, அவர் சிரிக்கவில்லை. "அவங்கள உள்ள விடாத. என்னை எழுப்ப விடாத. சத்தியம் பண்ணு," என்றார். பண்ணிக் கொடுத்தாள்.

இப்போது அவள் பதறாமல் நடப்பதுபோல நடந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டில் சாவி இல்லை. மறுபடி திறந்தாள். நிலைப்படிக்கு வெளியே, உருவிய வாளை நெஞ்சோடு அணைத்தபடி நிதியமைச்சர் நின்றுகொண்டிருந்தார். போன வாரம்வரை தண்ணீர் குடித்துக் குடித்து பட்ஜெட் படித்த மனிதர். அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"சடங்கு நடக்கும்போது வாசல்ல ஒருத்தர் நிக்கணும் அண்ணி," என்றார் டாக்டர், அவளைத் தாண்டி உள்ளே வந்தபடி. பின்னால் பெரியவர்.

"என் மகளுக்கு போன் பண்ணணும்."

"லைன் இல்ல அண்ணி."

"மத்தியானம் இருந்துதே?"

"இருந்துது."

அவள் கட்டிலில் ஏறி அமர்ந்தாள். போர்வைக்குள் கைவிட்டு, கணவரின் வலது கையைத் தேடி எடுத்து, தன் இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். கை இல்லாமல் என்ன பிடி? அது விறைத்து, குளிர்ந்து, ஈரமில்லாமல் இருந்தது. யாரும் அவசரப்படவில்லை. கூட்டத்தின் இரைச்சல் கடல்போல ஏறி இறங்கியது. அறையின் வெளிச்சம் மூலைகளிலிருந்து கரைந்தது. பெரியவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார், மூச்சு விடுகிறாரா என்று அவள் காதைத் தீட்டிக் கேட்டாள், டாக்டரின் மூச்சு கேட்டது, தன் மூச்சு கேட்டது.

அவ்வளவுதான் கேட்டது.

"நாளைக்கு நாடாளுமன்றத்துல ஓட்டெடுப்பு," என்றார் டாக்டர். "இன்னிக்கு அவர் முகத்தக் காட்டலைன்னா எல்லாம் போச்சு."

"அதுக்கப்புறம்? அவர விட்டுடுவீங்களா?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர்தான் சொன்னார்.

"எனக்கும் அப்படித்தாம்மா சொன்னாங்க."

அவர் எழுந்து வந்தார். குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல, நோகாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் கடித்தாள். அவர் முகம் மாறவில்லை. டாக்டர் அவள் தோள்களைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார், வாயைப் பொத்தினார். பிறகு அவளை விட்டு, கட்டிலண்டை குனிந்தார்.

முதல் பிடி. கை வழுக்கிப் போர்வையில் விழுந்தது.

அவள் கதவுக்கு ஓடினாள். வாள் குறுக்கே வந்தது. "அமைச்சரே, நீங்களாவது," என்றாள். அவர் கண்ணில் நீர் நின்றது. வாள் இறங்கவில்லை.

இரண்டாவது பிடி. நிதியமைச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விழும் சத்தம் மட்டும்.

பிறகு பெரியவர். காலோடு கால் வைத்து, முழங்காலோடு முழங்கால், மார்போடு மார்பு. வலது கை கோத்தது. இடது கை முதுகுக்கடியில் போனது. இறந்த காதில் வாயை வைத்து அவர் ஏதோ சொன்னார். ஒரே சொல்.

கட்டில் முனகியது. பாரம் இறங்கும்போது எழும் முனகல்.

தரையில் பாதங்கள். நான்கு.

"அண்ணி, நீங்களும் வாங்க," என்றார் டாக்டர், தாடைத் துணியை அவிழ்த்தபடி. "தனியா வந்தா ஜனம் நம்பாது."

பால்கனிக் கதவைத் திறந்தார்கள். மெழுகுவர்த்திகள், முகங்கள், ஆர்ப்பரிப்பு. ஒரு கையைத் தூக்கி அவள் தோளில் போட்டார்கள். முழுப் பாரமும் அவள்மேல் இறங்கியது. நகர்ந்தால் விழுந்துவிடுவார். கத்தினாள், கீழேயிருந்து எழுந்த வாழ்க கோஷத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. மறு கை உயர்ந்து மெல்ல அசைந்தது. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. அவர் தலை சரிந்து அவள் தலையோடு சாய்ந்தது. எவ்வளவு பாசம் பாருங்க என்று யாரோ கூவ, பெண்கள் அழுதார்கள்.

கூட்டத்துக்குத் தெரியாத பக்கத்தில், அவள் கன்னத்தை ஒட்டி, அவருடைய ஒரு கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. அவளையே பார்த்தது.

அதற்கு அவளை அடையாளம் தெரிந்திருந்தது.