முப்பத்தேழாவது கணக்கு

"ஐயோ...!"

கூட்ட வந்த வீராயியின் அலறல் மாடிப்படி இறங்கி லாஸ்பேட்டை மெயின் ரோடு வரை கேட்டது.

அமெரிக்கப் பள்ளிகளுக்கு இன்டர்நெட்டில் கணக்கு வீட்டுப்பாடம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி அது. முதலாளி ஹரிகிருஷ்ணன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார்.

மண்டையைப் பிளந்தது யூ.பி.எஸ். பெட்டி. கரண்ட் போனால் கம்ப்யூட்டரின் உயிரைக் காப்பாற்ற வாங்கியது, பாவம்!

"உயிர் போனது பத்தேகால் வாக்குல" என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்வி திரும்பினாள்.

"முதலாளிக்கு யாரோட ஆகாது?"

வீராயி மூக்கைச் சிந்தினாள். "இங்க வேல பாக்குற சிலம்பரசன் சாருதான்மா. நேத்து ரெண்டு பேருக்கும் சண்டையான சண்டை..."

அரை மணியில் சிலம்பரசன் வந்து நின்றான். எம்.எஸ்சி. கணக்கு, தங்கப்பதக்கம். யாரும் கேட்காமலே சொன்னான்.

"ஆமா மேடம், சண்டை போட்டேன்! பசங்க அடிக்கிற விடைய திருத்துற புரோகிராம் என்னோடது. எட்டுன்னு அடிச்சாலும் பதினாறு பை ரெண்டுன்னு அடிச்சாலும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சிடும். அவரு செஞ்சது, சரியான விடைங்கள அதுல டைப் அடிச்சது மட்டும்தான். வெளிய பேரு அவருக்கு!"

"காலைல பத்தேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"முத்தியால்பேட்டைல, என் வீட்ல. பசங்க மாதிரி நானே கணக்கு போட்டு டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன். எல்லாம் பதிவாயிருக்கும், பாத்துக்குங்க!"

பார்த்தாள்.

ஒன்பதே முக்காலிலிருந்து பத்தே முக்கால் வரை அறுபது கணக்கு. அவன் பெயர். அவன் வீட்டு இணைப்பு. அறுபதும் சரி!

"ஆளு சுத்தம் மேடம்..." கான்ஸ்டபிள் கோவிந்தசாமி சிவப்புத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

செந்தமிழ்ச்செல்வி மேஜைப் பக்கம் குனிந்தாள். பிணத்தின் முழங்கைக்கு அடியில் ஒரு காகிதம். அமெரிக்காவிலிருந்து வந்த மெயில். படித்தாள். துண்டுத்தாளில் ஏதோ போட்டுப் பார்த்தாள்.

சிரித்தாள்!

"முப்பத்தேழாவது கணக்கு. ரெண்டு எக்ஸ் மைனஸ் ஆறு, சமம் பத்து. எக்ஸ் ரெண்டுன்னு அடிச்சிருக்கீங்க. கம்ப்யூட்டரும் சரின்னு சொல்லியிருக்கு."

"அப்புறம் என்ன மேடம்?"

"இருநூத்திப் பன்னெண்டு பசங்க எட்டுன்னு அடிச்சு, அத்தனை பேருக்கும் தப்பு விழுந்திருக்காம். விடைய உங்க முதலாளி தப்பா டைப் அடிச்சிட்டாரு. அந்தத் தப்பு விடை உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

சிலம்பரசன் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"அது... ஏதோ கவனப்பிசகு..."

"நானும் அதான் நெனைச்சேன்! கோவிந்தசாமி, எழுதிக்குங்க. தங்கப்பதக்கம் வாங்கின சிலம்பரசனுக்கு எட்டாங்கிளாஸ் கணக்கு வரல. பேப்பர்காரங்களுக்கும் அப்படியே சொல்லிடுங்க. நீங்க வீட்டுக்குப் போலாம் சார்."

தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் அவன் தப்பித்திருக்கலாம். தங்கப்பதக்கம் விடுமா?

"எனக்கா கணக்கு வராது?" கத்தினான். "எக்ஸ் எட்டுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்! அத நானா போட்டேன்? வீட்ல தானா ஓடற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வச்சிட்டு வந்தேன். அதுதான் அந்தாளு அடிச்ச விடைங்கள அப்படியே எடுத்து..."

நிறுத்தினான்.

ரொம்ப லேட்!

கோவிந்தசாமி தொப்பியை மாட்டிக்கொண்டு விலங்கை எடுத்தார்.

"விடை மட்டும்தான் கேட்டேன்..." செந்தமிழ்ச்செல்வி ஜீப் பக்கம் கை காட்டினாள். "நீங்க ஸ்டெப் எல்லாம் போட்டுக் காட்டிட்டீங்க. ஃபுல் மார்க் சார், ஏறுங்க!"