பாதியில் நின்ற லோடர்

மலர்க்கொடிக்குக் கோபம் வந்தால் வீட்டுக் கோழிகூட அவள் குறுக்கே போகாது. படிப்பது ஆறாம் வகுப்புதான். கோபம் மட்டும் பெரியவர்களுக்குச் சமமாக வரும். அன்றைக்கு அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

காரணம் அந்த லோடர்.

திருவெள்ளறையில் அவர்கள் வயலை ஒட்டி எரு மலையாகக் குவிந்து கிடந்தது. மழைக்கு முன்னால் அதை வயலில் இறைத்தாக வேண்டும். வருஷா வருஷம் அம்மா ஆனந்தவள்ளிதான் கூடை கூடையாகத் தலையில் சுமந்து டிரெய்லரில் கொட்டுவாள். போன வருஷம் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் பார்த்தாள். அதனால்தான் அப்பா முருகானந்தம் திருச்சியில் ஒரு பழைய லோடர் வாங்கினார். அதை டிராக்டரின் முன்னால் மாட்டிவிட்டு லீவரை இழுத்தால் போதும். பெரிய இரும்பு பக்கெட் எருவை அள்ளித் தூக்கிவிடும்.

அவர்களுடைய டிராக்டரோ மலர்க்கொடி பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் வாங்கியது. அதிலிருக்கும் பம்புக்குக் கலப்பையைத் தூக்கவே பெரும்பாடு. அதனால் துறையூர் மெக்கானிக் மன்சூர் முந்தின நாள் வந்து, லோடருக்கென்று தனியாக ஒரு பம்பும் எண்ணெய்த் தொட்டியும் பொருத்தினார். தடித்த ரப்பர் குழாய்களால் எல்லாவற்றையும் இணைத்தார். தொட்டியிலிருந்து பம்பு உறிஞ்சித் தள்ளும் எண்ணெய்தான் பக்கெட்டைத் தூக்கும். மலர்க்கொடி பக்கத்திலேயே நின்று ஆயிரம் கேள்வி கேட்டாள். தொட்டி மூடியில் ஏன் இத்தனூண்டு ஓட்டை என்றும் கேட்டாள்.

"அது தொட்டிக்கு மூக்கு, பாப்பா," என்றார் மன்சூர், ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே.

அப்பா அந்த நேரத்தில் போனில் யாரிடமோ லோடரின் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மாலையில் இயக்கிப் பார்த்தபோது பக்கெட் அவர் தலைக்கு மேலே போய் அழகாக நின்றது.

மறுநாள் காலை பூஜை. ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டிலிருந்து அப்பா பெரிய மாலை வாங்கி வந்தார். கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பொட்டு விஷயத்தில் அவரிடம் கஞ்சத்தனமே கிடையாது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பக்கெட் எருவுக்குள் புகுந்து எழுந்தது.

பாதி உயரம் போனதும் பம்பு வயிற்று வலிக்காரன் மாதிரி முனகியது. பக்கெட் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மன்சூருக்குப் போன் போட்டு, ஓட்டைப் பம்பைத் தலையில் கட்டி ஏமாற்றிவிட்டதாகத் திட்டினார். நாளைக் காலையில் முதல் வேலையாக வந்து பார்ப்பதாக மன்சூர் சொன்னார். அப்பா அதை முழுதாகக் கேட்காமலே போனை வைத்தார். லோடரைத் திருப்பி அனுப்ப, ஊர்க்காரர் சின்னையாவின் மினி லாரியையும் வரச் சொல்லிவிட்டார்.

"போகட்டும். எப்பவும்போல நாம கூடையிலயே அள்ளிக்கலாம்," என்றார்.

அம்மா கொட்டகைக்குள் போய், தலையில் கூடைக்கு அடியில் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துணியை எடுத்து உதறினாள்.

அதைப் பார்த்ததும் மலர்க்கொடிக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாமன்னு சொல்லாதீங்கப்பா. நீங்க கூடை தூக்கி நான் பார்த்ததே இல்லை. அம்மாதான் தூக்குறாங்க."

"மலரு, வாயை மூடு," என்றாள் அம்மா.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மலர்க்கொடிக்கு அப்பா மேல் கோபம். வாயை மூடச் சொன்ன அம்மா மேலும் கோபம். ஆனால் எல்லாரையும்விட லோடர் மேல்தான் அதிகக் கோபம். அதன் எதிரே போய், தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நேத்து தூக்கினியே. இன்னைக்கு மட்டும் என்ன கேடு உனக்கு?"

 கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே உறைத்தது. நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் யாரும் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. நடந்தது பூஜை ஒன்றுதான்.

தூக்கி நின்ற பக்கெட்டுக்கு அடியில் போகாமல் சுற்றிக்கொண்டு தொட்டியிடம் போனாள். மூடியின் மேல் அடை மாதிரி சந்தனம். காய்ந்து கெட்டியாகியிருந்தது. அடியிலிருந்த சின்ன ஓட்டை கண்ணுக்கே தெரியவில்லை.

வீட்டில் புது எண்ணெய் டின் வந்தால் ஆணி அடித்து ஓட்டை போடுவது மலர்க்கொடிதான். ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி நின்றுவிடும். இன்னொரு ஓட்டை போட்டுக் காற்று உள்ளே போனால்தான் கடகடவென்று கொட்டும். தொட்டிக்கு மூக்கு எதற்கு என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அம்மா, ஒரு ஊக்கு குடுங்க," என்று ஓடினாள்.

அம்மா வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டு கூடவே வந்தாள். இருவருமாகச் சேர்ந்து மூடியைத் திருகினார்கள். உஸ்ஸென்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. மலர்க்கொடி ஓட்டையை ஊக்கால் குத்தத் தொடங்கும்போது அப்பா வந்து நின்றார்.

சந்தனத்தை யார் அப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவின் கட்டைவிரல் ரேகை அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

மூடியை டீசலில் கழுவித் துடைத்து மாட்டினார்கள். அப்பா எஞ்சினைக் கிளப்பினார். லீவரை அம்மாதான் இழுக்க வேண்டும் என்று மலர்க்கொடி பிடிவாதம் பிடித்தாள். அம்மா தயங்கித் தயங்கி இழுத்தாள். முனகல் இல்லை. பக்கெட் நிறைய எருவோடு மேலே மேலே போனது. போன வருஷம் கழுத்து பிடித்துக்கொண்ட அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா உடனே சின்னையாவுக்குப் போன் போட்டு, லாரி வேண்டாம் என்றார். அத்தோடு போனைப் பைக்குள் வைக்கப் போனார்.

"மன்சூர் மாமாவுக்கு?" என்றாள் மலர்க்கொடி.

"நாளைக்கு வருவார்ல, அப்பச் சொல்லிக்கலாம்."

"திட்டும்போது மட்டும் நாளைக்குன்னு விடலையே."

அப்பா மகளைப் பார்த்தார். அவள் கோபம் இறங்குவதாகத் தெரியவில்லை. நம்பரை அழுத்தினார்.

"பாய், தப்பு என் மேலதான். மூடி ஓட்டையில சந்தனத்தை அப்பிட்டேன். உங்க பம்பு நல்லாத்தான் இருக்கு."



"காலையிலேர்ந்து சோறு இறங்கலைங்க," என்றார் மன்சூர். "இப்பப் போய்ச் சாப்பிடறேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். 

மாலைக்குள் டிரெய்லர் நிறைந்துவிட்டது. தரையில் மட்டும் கொஞ்சம் எரு சிந்திக் கிடந்தது. அதைத் தானே அள்ளிவிடுவதாகச் சொல்லி அப்பா கூடையைத் தேடினார். கூடை வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே கோழியும் குஞ்சுகளும் இருந்தன. காற்று போவதற்காக ஒரு பக்கம் சின்னக் கல்லால் முட்டுக் கொடுத்திருந்தாள் அம்மா.

"அது இனிமே கோழிக்குங்க. நீங்க இரும்புச் சட்டியில அள்ளுங்க," என்றாள்.

அப்பா சட்டியை நிரப்பினார். அம்மா சும்மாட்டுத் துணியை உதறி அவரிடம் நீட்டினாள். மலர்க்கொடி பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அதை வாங்கிச் சுருட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.