பூஜ்யம் வாங்கிய கழுதைகள்

பதினான்காம் எண் கழுதையின் முதுகில், சேணம் அறுத்த புண் உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. ஆனால் முகம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த முகமாக இருந்தது. காது நிமிர்ந்திருந்தது. கண் விரிந்திருந்தது. உதடு தளர்ந்து தொங்கியது. மதிப்பெண் பூஜ்யம்.

நியோகாபி அந்தப் படத்தை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் பூஜ்யம். இருபது கழுதைகள், மூன்று வாரம், அத்தனையும் பூஜ்யம். நைவாஷா ஊரின் தண்ணீர் வண்டிகளை இழுத்து இழுத்து ஒடிந்துபோன கழுதைகள்தான் இந்த ஆராய்ச்சிக் கொட்டிலுக்கு வருகின்றன. அவற்றுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் சிரிப்புதான் வரும். அவள் படித்த கால்நடை மருத்துவத்தில் இப்படி ஓர் அதிசயம் எழுதியிருக்கவில்லை.

வேலை எளிது. தினமும் நண்பகலில் கொட்டில் பணியாளர் கிலோன்சோ ஜன்னலில் நின்று ஒவ்வொரு முகத்தையும் படமெடுப்பார். காது, கண், மூக்கு, தாடை, உதடு என்று ஐந்து இடம். இடத்துக்கு இரண்டு வீதம் பத்து மதிப்பெண். வலி கூடினால் எண் கூடும். ஏழுக்கு மேல் போனால் இனி தேறாது என்று அர்த்தம். அந்தக் கழுதையைப் பச்சைக் கதவு வழியாக அழைத்துப்போய் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் சிமெண்ட் தரை. உடம்பு விழும் சத்தம் கொட்டில் முழுக்கக் கேட்கும்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த எண்களோடு அது போனால், வட்டாரத்து வண்டிக் கழுதைகள் எல்லாவற்றுக்கும் தரும் வலி மருந்தை நிறுத்திவிடுவார்கள். வலியே இல்லாத கழுதைக்கு மருந்து எதற்கு என்று கேட்பார்கள்.

அவளுக்குக் கிலோன்சோ மேல்தான் சந்தேகம்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. பழைய போட்டோவையே திரும்பத் திரும்பக் குடுக்கிறீங்களா?"

அவர் மண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சிரித்தார். "இருபதோட சேத்து இருபத்தொண்ணா என்னையும் நிப்பாட்டுங்க டாக்டரம்மா. என் மூஞ்சிக்கு எவ்வளவு போடுவீங்கன்னு பாப்போம்."

"சிரிக்காதீங்க. பச்சைக் கதவுக்குக் கடைசியா எப்பக் கூட்டிட்டுப் போனீங்க?"

"மூணு வாரமாச்சு. ஒம்பதாம் நம்பர். கழுத்தத் தடவி, 'பொலே, பொலே சானா'ன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்."

"எல்லாத்துக்கும் அதையேதான் சொல்லுவீங்களா?"

"வலியில நிக்கிற ஜீவன்கிட்ட பொலே சொல்லாம வேற என்னத்தச் சொல்றது? நீங்க கால இடிச்சுக்கிட்டாலும் அதான் சொல்லுவேன்."

அதுவும் சரிதான். தாயைப் பறிகொடுத்தவருக்கும் பொலே, பேருந்தைத் தவறவிட்டவருக்கும் பொலே. அடுத்தவர் வலியைப் பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்பதற்கு இந்த ஊர் நாக்கு தானாகச் சொல்லும் சொல் அது. காலையிலிருந்து அவளே மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. நண்பகலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கிலோன்சோ கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டிலின் பின்பக்கம் போனாள். சுண்ணாம்பும் மூத்திரமும் ஈரப் புல்லும் கலந்த வாடை, வெயிலில் காய்ந்த தகரத்தின் வழியாகக்கூடக் கசிந்துகொண்டிருந்தது. ஆணி கழன்ற ஓட்டை ஒன்றில் கண்ணை வைத்தாள்.

உள்ளே ஒரு கழுதைக்கும் தலை நிமிரவில்லை. காதுகள் பின்னால் சரிந்து கிடந்தன, கண்கள் பாதி மூடியிருந்தன, உதடுகள் நூல் போட்டுத் தைத்ததுபோல் இறுகியிருந்தன. யாரோ பல்லைக் கடிக்கும் மெல்லிய நறநறப்பு ஒரு மூலையில் தொடங்கி, அடுத்த மூலைக்குப் போய், மறுபடி திரும்பி வந்துகொண்டிருந்தது. பதினான்கு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது. பத்து. அவள் மனதுக்குள் மதிப்பெண்கள் தானாக ஓடின.

அவள் பாதத்தின் கீழே ஒரு சரளைக் கல் உருண்டு சத்தமிட்டது.

இருபது தலைகளும் ஒன்றாக எழுந்தன. காது நிமிர்ந்தது. கண் விரிந்தது. உதடு தளர்ந்தது. நறநறப்பு நின்றது.

கிலோன்சோ ஏமாற்றவில்லை. ஏமாற்றியது இவை. வலியைக் காட்டிய முகங்களெல்லாம் பச்சைக் கதவுக்குப் போனதை, விழுந்த சத்தத்தை, திரும்பி வராததை, இவை மாதக்கணக்காகப் பார்த்து நின்றிருக்கின்றன. அவள் முகங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது அவை அவளைப் படித்திருக்கின்றன.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. முதலில் பதினான்குக்கு ஒரு வலி ஊசியாவது போட்டுவிட வேண்டும் என்று மருந்தை நிரப்பிக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டாள்.

எதுவும் அசையவில்லை. எல்லாக் கண்களும் அவள் முகத்தின் மேல் இருந்தன. ஊசியின் மேல் இல்லை.

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல," என்றாள்.

ஊசி முனை தோலில் பட்டதும் பதினான்கு பின்னால் சாய்ந்தது. அதன் முழுப் பாரமும் அவள்மேல் வந்தது. இரும்புத் தொட்டிக்கும் குளம்புக்கும் நடுவில் அவள் வலது கால் மாட்டியது. சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். வலி பிறகுதான் வந்தது. அவள் அலறிவிட்டாள்.

தகரத்துக்கு வெளியே கிலோன்சோ ஓடிவரும் சத்தம்.

"என்னாச்சு? டாக்டரம்மா! பொலே! பொலே சானா!"

அந்தச் சொல் விழுந்ததும் கொட்டிலில் மூச்சுகள் நின்றன.

பிறகு குளம்புகள். அவசரமில்லாமல். எல்லாப் பக்கமிருந்தும்.

முதலில் ஒரு விலா அவள் முதுகில் பட்டது. அடுத்தது இடுப்பில். அடுத்தது மார்பில். சூடான, ஈரமான, புண் நாறும் உடம்புகள். அவளை விழவிடாமல் நிமிர்த்தி நிறுத்தின. அவள் கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். விலாக்கள் இறுகின. புல் மணக்கும் மென்மையான மூக்கு ஒன்று அவள் வாயை மூடியது.

அவை தாக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. மறைக்கின்றன. பச்சைக் கதவிலிருந்து அவளைக் காப்பாற்றுகின்றன.

மறுபடி இழுத்தாள். மறுபடி இறுகியது. எங்கோ உள்ளே ஒரு விலா எலும்பு நெரிந்தது. அவளுடையதுதான்.

கண் இருட்டியது. உதடு தளர்ந்தது.

நெருக்கம் ஒரு விரற்கடை விலகியது.

புருவத்தைச் சுருக்கினாள். இறுகியது. தளர்த்தினாள். விலகியது.

ஜன்னல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பதினான்கு அவள் முகத்துக்கு வெகு அருகே தன் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தது. ஒவ்வொரு இடமாக. கண். மூக்கு. தாடை. உதடு. நிதானமாக. பிறகு மூக்கு அவள் வாயை விட்டு விலகியது.

கழுதைக் கழுத்துகளுக்கு நடுவே அவள் முகம் தெரிந்தது. கிலோன்சோ எட்டிப் பார்த்தார்.

"அட, நின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்களா! போட்ட சத்தத்துல பயந்தே போயிட்டேன் போங்க. என்னமோ கூட்டாளிங்களாட்டம் நிக்கிறீங்க எல்லாரும்." கேமராவைத் தூக்கினார். "இருங்க, அப்படியே ஒண்ணு எடுத்துக்கிறேன்."

உதவி என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு கிடைக்கவில்லை. ஒடிந்த காலின்மேல் குளம்பு அப்படியே இருந்தது.

அவள் கண்களை விரித்தாள்.

கேமரா கிளிக் என்றது. கிலோன்சோ பலகையில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு, ஆறிப்போகும் தேநீரைத் தேடிப் போனார். அவருடைய காலடிச் சத்தம் தேயத் தேய, இருபது தலைகளும் மெல்லத் தாழ்ந்தன. காதுகள் பின்னால் சரிந்தன, பல் கடிக்கும் நறநறப்பு மூலையில் தொடங்கியது. அது ஒவ்வொன்றாகக் கடந்து அவளிடம் வந்தபோது, அவளுடைய பற்களும் அதை வாங்கிக்கொண்டன.