மாடி ஏறாத மனிதன்!

"ஐயா...! மேல ஒரு பிணம்!"

கான்ஸ்டபிளின் அலறல் மொட்டை மாடியில் புறப்பட்டு, படிக்கட்டில் உருண்டு, ஹாலில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரின் காபியைக் குலுக்கியது.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார்.

திங்கட்கிழமை. காலை மணி பத்து. அவர் வந்தது ஒரு சாதாரணத் திருட்டுக்கு. பீரோவில் இருந்த இரும்புப் பெட்டியைக் காணவில்லை, அவ்வளவுதான். பிணம் இருக்கிறது என்று யாரும் சொல்லவே இல்லையே!

"என்னம்மா இது? ஃபோன்ல பெட்டின்னுதானே சொன்னீங்க?"

"பெட்டிதான் சார் எங்களுது. பிணம் எங்களுது இல்ல!" என்றாள் வீட்டுக்காரி.

அவள் கணக்கு டீச்சர். எதையும் தெளிவாகச் சொல்லித்தான் பழக்கம்.

மூவரும் படியேறி ஓடினார்கள். முன்னால் இன்ஸ்பெக்டர். அடுத்து டீச்சர். கடைசியில் டீச்சரின் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய இடம் அதுதான்.

மாடியில்...

பிணம் மல்லாந்து கிடந்தது. கைகள் இரண்டும் விரிந்திருந்தன. சுற்றிலும் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள்! ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஒரு நேரம். ஒன்பது மணி... பன்னிரண்டு மணி... மூன்று மணி...

கான்ஸ்டபிள் கோடுகளைக் காட்டினார்.

"நமக்கு முன்னாடியே யாரோ வந்து கோடெல்லாம் போட்டுட்டாங்க ஐயா!"

இன்ஸ்பெக்டர் மெல்லக் குனிந்தார். பிணத்தின் மூக்கருகே விரலைக் கொண்டு போனார்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"சார்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."

கான்ஸ்டபிளின் இரண்டாவது அலறல் முதலாவதைவிடப் பிரமாதமாக இருந்தது!

"யார்யா நீ?" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"சோலார் போடறவன் சார். பேனல் படுக்கப் போற இடத்துல நான் படுத்துப் பாக்கறேன். எந்த நேரத்துல எந்தப் பக்கத்து நிழல் மேல விழுதுன்னு பேனலுக்குத் தெரியற மாதிரியே எனக்கும் தெரியும்ல?"

"இந்தக் கோடெல்லாம்?"

"சுவத்தோட நிழல் சார். மணிக்கு ஒரு கோடு. சனிக்கிழமை ஒன்பது மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இங்கேயே இருந்து போட்டது."

அவன் எழுந்து சட்டையைத் தட்டினான். முப்பது வயது இருக்கும். பாக்கெட் நிறைய சாக்பீஸ். காதில் ஒரு சாக்பீஸ். பெயர் எதுவாக இருந்தாலும் நமக்கு அவன் சாக்பீஸ்தான்.

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"சனிக்கிழமை... முழுநாளும்... தனியாவா?"

சாக்பீஸ் அப்பாவியாகத் தலையாட்டினான். பாவம், ஆட்டியிருக்கவே கூடாது!

* * *

ஹால்.

"சொல்லுங்கம்மா. முதல்லேர்ந்து."

டீச்சர் சொன்னாள். "வீட்டுக்கு சோலார் போடலாம்னு ரெண்டு பேரைக் கூப்பிட்டோம். புதன்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க. 'சனிக்கிழமை என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம், காலையில ஏழு மணிக்கே கிளம்பிடுவோம். மாடி பாக்கணும்னா வெளிப்பக்கப் படியோட பூட்டைத் திறந்து வெச்சுட்டுப் போறோம்'னு சொன்னேன். இந்தத் தம்பி வர்றேன்னார். இன்னொருத்தர் வேண்டாம்னுட்டார்."

"அந்த இன்னொருத்தர் யாரு?"

"டை கட்டிட்டு வந்திருந்தார். அவர் மாடியே ஏற மாட்டாராம். சாட்டிலைட் படம் போதுமாம்."

"சாயங்காலம் வந்து மறுபடியும் பூட்டிட்டோம்," என்றார் கணவர், தானும் இருப்பதைக் காட்டிக்கொள்ள. "இன்னிக்குக் காலையில பீரோவைத் திறந்தா பெட்டி இல்ல. மேல போய்ப் பாத்தா மாடிக் கதவோட தாழ்ப்பாள் நெம்பியிருக்கு! நீங்க வந்து பாக்கணும்னு வெளிப்படிப் பூட்டையும் திறந்து வெச்சேன்."

"பெட்டியில என்ன இருந்தது?"

டீச்சரின் கண் கலங்கியது.

"என் ஒரு வருஷ உழைப்பு சார்..."

இன்ஸ்பெக்டர் அனுதாபத்துடன் தலையாட்டி, 'நகை' என்று எழுதிக்கொண்டார். பிறகு சாக்பீஸ் பக்கம் திரும்பினார்.

"வீட்ல யாரும் இல்ல. மாடில நீ மட்டும். மாடிக் கதவு நெம்பியிருக்கு. பெட்டியக் காணோம். கணக்கு சரியா வருதா டீச்சர்?"

"விடை வருது சார். வழிமுறை வரலையே! திருடினவர் எதுக்கு மறுபடி வந்து மாடில படுத்திருக்கணும்? நான் இதுக்கு மார்க் போட மாட்டேன்."

"கோர்ட்ல போடுவாங்க. நடய்யா ஸ்டேஷனுக்கு!"

சாக்பீஸின் முகம் வெளுத்தது. அவனுடைய சாக்பீஸைவிட வெளுத்தது.

"சார்... இதுதான் சார் என் முதல் வீடு. நாலு வருஷம் இன்னொருத்தர்கிட்ட வேலை பாத்துட்டு இப்பத்தான் தனியா ஆரம்பிச்சிருக்கேன். இன்னிக்குப் போலீஸ் வண்டியில ஏறிட்டா, நாளைக்கு எந்த வீட்ல என்னை மாடி ஏற விடுவாங்க? மாடி இல்லேன்னா எனக்கு ஏது சார் பொழப்பு?"

டீச்சருக்கு மனசு கனத்தது. பதினெட்டு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவள் அவள். காப்பி அடிக்கிற முகம் எது, அடிக்காத முகம் எது என்று அவளுக்குத் தெரியும். இது அடிக்காத முகம்!

ஆனால் முகத்தைப் பார்த்து எந்த இன்ஸ்பெக்டர் விடுவார்?

அப்போது...

காலிங் பெல்!

* * *

முதலில் நுழைந்தது வாசனை. அடுத்து டை. அதன் பின்னால் ஆள்.

"குட்மார்னிங் மேடம்! என்னது, வீட்ல போலீஸ்?"

விஷயத்தைச் சொன்னார்கள். டை உச்சுக் கொட்டினான். சாக்பீஸை மேலும் கீழும் பார்த்தான்.

"இதுக்குத்தான் மேடம் ஆளைப் பாத்து மாடில விடணும்கறது! நான் இந்தத் தொழிலுக்கு வந்து பத்து வருஷம். ஒரு வீட்டு மாடி ஏறினதில்ல. இந்த ஷூவைப் பாருங்க... தூசி இருக்கா?"

இல்லை. முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படி மின்னியது.

"நேத்து அனுப்பின கொட்டேஷன் பாத்தீங்களா மேடம்? ஏழு கிலோவாட். அதுக்குக் கீழ போனா உங்க வீட்டுக்குத் தாங்கவே தாங்காது."

"என் கரண்ட் பில்லையே நீங்க பாக்கலையே?"

"பில் எதுக்கு மேடம்? வீட்டைப் பாத்தாலே தெரியாதா?"

"பில் பாக்காம பேனல் சொன்னா அது ஜோசியம்," என்று முணுமுணுத்தான் சாக்பீஸ். கான்ஸ்டபிள் அவன் தோளை அழுத்தினார்.

டை அதைக் காதில் வாங்கவே இல்லை. கொட்டேஷனோடு நேற்று அனுப்பிய அதே வரைபடத்தை, வண்ணத்தில் அச்சடித்து, டீப்பாயின் மேல் விரித்தான்.

"இன்னிக்குக் கையெழுத்து போட்டீங்கன்னா நாளைக்கே வேலை ஆரம்பம். அதோட, மேல தண்ணி டேங்க்கை இலவசமா சுத்தம் பண்ணித் தர்றோம்!"

"சோலார் போடறவங்க டேங்க் கழுவுவாங்களா?" கணவர் வியந்தார்.

"எங்க கம்பெனி மட்டும்தான் சார்! இந்த வாரம் மட்டும்தான்!"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

கணவருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பேனா வெளியே வந்தால் யாரோ ஒருவர் ஃபெயில் என்று அர்த்தம்!

வரைபடத்தின் மூலையில் ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுந்தது.

"இது என்ன?"

"அதான் மேடம் தண்ணி டேங்க்! அதோட நிழல் படாம பேனலை ஒதுக்கியிருக்கேன் பாருங்க. பின்பக்கச் சுவத்துலேர்ந்து ரெண்டரை அடி. எப்படி... துல்லியமா இருக்கா?"

"ரொம்பத் துல்லியம். எப்படித் தெரிஞ்சுது?"

"சாட்டிலைட் மேடம்!" டை பெருமையுடன் வானத்தைக் காட்டினான். அங்கே மின்விசிறிதான் இருந்தது.

"ஏங்க... இந்த டேங்க் எப்ப வந்தது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்! கயிறு கட்டி ஏத்தினோமே... இடுப்பு இன்னும் வலிக்குது. இன்னும் தண்ணிகூட விடல," என்றார் கணவர்.

எல்லோர் பார்வையும் அந்தச் சிவப்பு வளையத்தின் மேல் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்தார். மேப்பைத் தட்டினார். வீட்டைப் பெரிதாக்கினார்.

சாட்டிலைட் படத்தில் எதிர்வீடே இல்லை! வெறும் காலிமனை. இந்த வீட்டு மாடியில் டேங்க் இல்லை. கொடிக்கயிற்றில் ஒரு பச்சைத் துண்டு மட்டும் காய்ந்து கொண்டிருந்தது.

கணவர் எட்டிப் பார்த்துக் கூவினார்.

"அட, என் துண்டு! அது தொலைஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு!"

டையின் நெற்றியில் வியர்வை முத்துக் கட்டியது.

"தெ... தெருவிலேர்ந்து பாத்திருப்பேன்..."

"மாடிச் சுவர் ஆளுயரம். டேங்க் இருக்கறது பின்பக்கம். அதுல ரெண்டரை அடி வேற!" டீச்சரின் குரல் பரீட்சை ஹாலுக்கு மாறியிருந்தது. "புதன்கிழமை நீங்க இங்க வந்தப்போ டேங்க் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேங்க் வந்தது. நேத்து, ஞாயித்துக்கிழமை, உங்க படத்துல டேங்க் இருக்கு. நடுவுல என்னிக்கு சார் மாடி ஏறினீங்க?"

சாக்பீஸ் மெதுவாகச் சொன்னான்.

"அந்த வட்டத்தை வரையாம விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்கண்ணே. ஆனா என்ன பண்றது? டேங்க் இருக்குன்னு தெரிஞ்ச பிறகு, அது மேல பேனல் வரைய நம்ம தொழில்ல எவனுக்கும் கை வராது."

"சனிக்கிழமை நீ எத்தனை மணிக்கு வந்தே?" இன்ஸ்பெக்டர் சாக்பீஸைக் கேட்டார்.

"எட்டே முக்கால் சார். பாடிக்கிட்டே படி ஏறினேன்."

"அந்தப் பாட்டுதான் உங்களைக் கெடுத்திருக்கு!" டீச்சர் டையை நோக்கி விரலை நீட்டினாள். "ஏழு மணிக்கு மேல வந்து, கதவை நெம்பி, பெட்டியோட மாடிக்கு வந்துட்டீங்க. படியில ஆள் சத்தம்! பின்பக்கக் குழாயைப் பிடிச்சு இறங்கணும்னா ரெண்டு கையும் வேணும். பெட்டி பூட்டியிருக்கு, இரும்பு, கனம். கண்ணெதிரே காலி டேங்க்..."

"மேடம்..."

"சாயங்காலம் வரைக்கும் இந்தத் தம்பி நகரல. அப்புறம் நாங்க வந்து பூட்டிட்டோம். மறுபடி மாடிக்குப் போகணும்னா உங்களுக்கு ஒரே வழி, இந்த வேலை கிடைக்கணும்! அதான் இலவசமா டேங்க் கழுவறீங்களா?"

டை ஓடினான்!

வாசலுக்கு இல்லை... மாடிக்கு!

மூன்று மூன்று படியாகத் தாவினான். இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார்.

"மாடி ஏறாத மனுஷன் என்ன வேகமா ஏறறான்யா! பிடி!"

அவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது, டேங்க் வாயிலிருந்து பளபளக்கும் இரண்டு ஷூக்கள் வானத்தைப் பார்த்து உதைத்துக் கொண்டிருந்தன. உள்ளே ஒரு குரல் எதிரொலித்தது.

"காப்பாத்துங்க...! டை மாட்டிக்கிச்சு!"

கான்ஸ்டபிள் காலைப் பிடித்து இழுத்தார். டை வந்தான். அவன் கட்டிப் பிடித்திருந்த பெட்டியும் வந்தது!

* * *

விலங்கு மாட்டியாயிற்று.

டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள், கணவர், சாக்பீஸ், டை... ஐந்து தலைகள் பெட்டியின் மேல் குவிந்தன.

பூட்டு திறந்தது.

உள்ளே...

ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு கட்டு கரண்ட் பில்.

வேறு ஒன்றுமே இல்லை!

"நகை?" இன்ஸ்பெக்டரின் குரல் உடைந்தது.

"நகையா? கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போனேனே. இதோ கழுத்துல இருக்கே!" டீச்சர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக் கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வருஷம் முழுக்க சார்! தினமும் காலையில ஆறு மணிக்கு மீட்டர் பாத்து எழுதினேன். வெள்ளிக்கிழமையோட முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் முடிஞ்சுது. இது போயிருந்தா மறுபடி ஒரு வருஷம் காத்திருக்கணும்!"

"புகார்ல நகைன்னு..."

"நான் உழைப்புன்னு சொன்னேன். நகைன்னு எழுதினது நீங்க."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்துக் கொண்டார்.

"அதை எதுக்கும்மா இரும்புப் பெட்டியில பூட்டறீங்க?"

டீச்சர் திரும்பினாள். தன் கணவரைப் பார்த்தாள். கணவர், இன்ஸ்பெக்டரின் செல்போனில் இருந்த, தான் தொலைத்த பச்சைத் துண்டைப் பார்த்தார்.

"தம்பி," அவள் நோட்டைச் சாக்பீஸிடம் நீட்டினாள், "நீங்கதான் போடறீங்க. என்னிக்கு ஆரம்பிக்கலாம்?"

சாக்பீஸ் சந்தோஷத்தில் காதிலிருந்த சாக்பீஸை எடுத்துக் கடித்துவிட்டான்!

அவன் நோட்டைப் புரட்டினான். பக்கத்தில் விலங்கோடு நின்ற டை, தொழில் பாசம் தாங்காமல் எட்டிப் பார்த்தான். உதடுகள் கூட்டல் போட்டன.

"மாசம் முந்நூத்தி நாப்பது யூனிட்டா...? அட, இதுக்கு மூணு கிலோவாட்டே தாராளமாச்சே மேடம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக் கொண்டான்.

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"கொட்டேஷன்ல ஏழுன்னு போட்டிருந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் பக்கம் திரும்பினார்.

"யோவ், அந்தப் புகாரை எடு. திருட்டு ஒண்ணுன்னு எழுதியிருக்கோம்ல... ரெண்டுன்னு திருத்து!"