டாம்சினின் இடது பூட்ஸ்

நாடகக் கம்பெனி மேலாளர் ரூபர்ட் லேன், மழையில் நனைந்த கோட்டைக் கழற்றக்கூட மறந்து, ஒரு சின்ன பூட்ஸைத் துப்பறிவாளர் ஹெஸ்டர் பால்மரின் மேஜைமேல் வைத்தார். இடது கால் பூட்ஸ். கட்டைவிரல் பக்கம் தோல் வாய் பிளந்து கிடந்தது.

“யாரோ கத்தியால கிழிச்சிருக்காங்க மேடம். ஞாயித்துக்கிழமை விருது விழா. இந்த நேரத்துல இப்படி ஒரு அசிங்கம்!”

டெஸ்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்திரிகை வேலையை உதறிவிட்டு ஹெஸ்டரிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து அவன் கண்டதெல்லாம் காணாமல் போன கணவன்மார்கள்தான்.

லண்டனே பேசிய இசை நாடகம் அது. கலங்கரை விளக்கக் காவலரின் மகளாக மூன்று சிறுமிகள் முறைவைத்து நடித்தார்கள்: டாம்சின், ஊனா, மர்லா. வெள்ளி மணி விருதுக்கு மூவர் பெயரும் சேர்ந்தே போயிருந்தது. பூட்ஸ் டாம்சினுடையது.

“யார் மேல சந்தேகம்?” என்றார் ஹெஸ்டர்.

“ஊனாவோட அம்மா. ‘எம் பொண்ணு விருதை மூணா அறுத்துக் குடுக்கறீங்களே’ன்னு என் சட்டையப் பிடிக்காத குறை.”

“வலது பூட்ஸ்?”

“அது நல்லாத்தான் இருக்கு. அலமாரியிலயே விட்டுட்டு வந்தேன். டாம்சின்கிட்டயும் ‘உன் இடது பூட்ஸ யாரோ கிழிச்சுட்டாங்க’ன்னு மட்டும்தான் சொன்னேன்.”

அவர்கள் நாடகக் கொட்டகைக்குப் போனபோது பிள்ளைகள் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். டாம்சின் தன் தட்டிலிருந்த மீனையும் வறுவலையும் மர்லாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டு ஒரு ஆப்பிளைக் கொறித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த முகம்; ஹெஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் இன்னும் சுருங்கியது.

“ரெண்டையும் யார் வெட்டினாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது மிஸ். தைச்சுக் குடுத்தா அதையே போட்டுக்கறேன். புதுசா அளவெல்லாம் எடுக்க வேணாம்.”

ஊனாவின் அம்மாவை டெஸ்மண்ட் மடக்கினான். அவள் அசரவில்லை. “எனக்கு வாய் நீளம்தான்யா. அதுக்காகக் குழந்தை கால்ல கத்தி வெப்பேனா? போய் வேற ஆளப் பாரு.”

ஹெஸ்டர் அலமாரியைத் திறந்து, வலது பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவினார். பக்கத்துச் சுவரில் ஒரு கோடு வரைந்திருந்தது. வாரம் ஒருமுறை பிள்ளைகளை அங்கே நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். கோட்டைத் தாண்டினால் வேடம் கைமாறும்.

“டாம்சின் எப்படி?” என்று லேனிடம் கேட்டார்.

“கோட்டுக்குக் கீழதான். நானே பாத்தேன்.”

“அப்ப என்ன உடுத்தியிருந்தா?”

“நாடகப் பாவாடை. தரை வரைக்கும் புரளுமே, அது.”

லேன் மற்ற இரு சிறுமிகளின் தாய்மார்களைத் தன் அறையில் திரட்டி வைத்திருந்தார். ஹெஸ்டர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“வெளியேருந்து கத்தி போட்டிருந்தா தோல்மேல கீறல் இருக்கணும். இல்ல. விரல் பக்கம் உள்துணியையும் அட்டையையும் வெட்டி எடுத்திருக்கு. அப்புறம் ஆடின ஆட்டத்துல தோல் தானா பிளந்திருக்கு. இந்த வலது பூட்ஸுக்குள்ள கைய விடுங்க.”

லேன் கையை விட்டார். அங்கும் உள்துணி வெட்டுப்பட்டிருந்தது. உலர்ந்த ரத்தம் விரலில் பொருக்காக ஒட்டியது.

“வெளியில பாத்தா தெரியாது. நீங்களும் இடதைப் பத்தி மட்டும்தான் சொன்னீங்க. டாம்சின் ‘ரெண்டையும்’னு சொன்னா.”

“தன் பூட்ஸத் தானே ஏன் மேடம் வெட்டணும்?” என்றான் டெஸ்மண்ட்.

“கால் கொள்ளலைய்யா.”

“கேட்டிருந்தா புதுசு குடுத்திருப்போமே!” என்றார் லேன்.

“புதுசுக்குக் கால் அளக்கணும். கால் வளந்திருந்தா ஆளும் வளந்திருக்காளான்னு பாப்பீங்க. அதனாலதான் அந்தப் பாவாடைக்குள்ள முட்டிய மடக்கி நின்னிருக்கா. சோத்தையும் குறைச்சுட்டா. விருது வரைக்கும் வளரக்கூடாதுன்னு அவகிட்ட யார் சொன்னது மிஸ்டர் லேன்?”

லேன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“பேர் அறிவிச்ச அன்னிக்கு… விளையாட்டாச் சொன்னேன் மேடம். ‘விருது முடியற வரைக்கும் வளந்துடாத தாயே’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“அவ சிரிச்சாளா?”

அவருக்கு நினைவில்லை.

டாம்சினை அழைத்துவந்து உட்காரவைத்து, அவள் காலுறைகளை ஹெஸ்டரே கழற்றினார். இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துச் சீழ் கோத்திருந்தன. டெஸ்மண்ட் போய்த் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தான். பூட்ஸைக் கிழித்தது யாரென்று கண்டுபிடிக்கக் காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்தவன் அவன்.

“வலிக்கலையா கண்ணு?”

“பாடும்போது தெரியாது மிஸ்.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “என் பேர எடுத்துடுவாங்களா?”

“மாட்டாங்கம்மா. உன் பேரு உன்னோடது,” என்றார் லேன். வேடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. அன்று மாலை அவளுக்குப் பதில் ஊனா ஆடினாள்.

ஞாயிற்றுக்கிழமை விருது அவர்களுக்கே கிடைத்தது. மூன்று பெயர்களையும் வாசித்தார்கள். டாம்சின் மெத்தென்ற துணிச் செருப்போடு, மர்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். முதலில் எழுந்து நின்று கைதட்டியது ஊனாவின் அம்மா.

டாம்சினின் தாய் ஹல் நகரத்தில் மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்ப்பவள். ரயில் தாமதமானதால் விழா முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தாள். வசந்தத்துக்குப் பிறகு மகளை அவள் பார்க்கவே இல்லை. நடந்ததை அவளிடம் எப்படித் தொடங்குவது என்று ஹெஸ்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்வாசல் படியில் மகளைக் கண்டு பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

“அடி என் தங்கமே! எவ்வளவு வளந்துட்ட!”

டாம்சினின் முகம் வெளிறியது.

“மன்னிச்சுக்கம்மா,” என்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ வேடிக்கை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். டெஸ்மண்ட் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.