ஒரு டம்ளர் வெள்ளம்

"வெள்ளம்... வெள்ளம்!"

அந்தக் குரல் காதில் விழுந்ததுமே பிளஸ்ஸியின் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மண்டைக்காட்டுக் கடற்கரையில் குடியரசு தினத்தன்று வருடாவருடம் நடக்கும் மணல் ஓட்டம். முடிவில் நட்டிருந்த கொடி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை. அந்த நேரம் பார்த்து, முதலில் வந்துகொண்டிருந்த பிளஸ்ஸி கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மணல்மேட்டில் ஏறி, ரோட்டைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஐஸ் கம்பெனியின் மாடிப்படியில் போய் நின்றாள். பின்னால் வந்த தோழி பிரீனாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு!

கடல் அதன்பாட்டுக்குக் கிடந்தது. கரையில் நின்ற சனம் மொத்தமும் சிரித்தது.

படிக்குக் கீழே ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் சில்வர் டம்ளர். பாதி வழியிலேயே சிந்திப்போயிருந்தது.

"எதுக்கு ஓடுதிய? வெள்ளம் வேண்டாமா?"

"எங்க... வெள்ளம் எங்க வருது?"

"எங்கயும் வரல்ல. இந்தா, இதாக்கும் வெள்ளம். குடிக்க."

மேற்கே உள்ளவர்கள் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். கிழக்கே, பிளஸ்ஸியின் ஊரான அஞ்சுகிராமத்தில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. ஒரே மாவட்டம்தான், பிளஸ்ஸிக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. ஆனால் கடலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அகராதியா ஞாபகம் வரும்?

ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க டம்ளரோடு நின்ற ஷாஜனுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவனும் சிரித்துவிட்டான்... அதுதான் அவன் செய்த பிழை.

"சிரிக்கியளா? தண்ணிக்குத் தண்ணின்னு சொல்லத் தெரியாதா ஒங்களுக்கு?"

"எங்க ஊருல தண்ணின்னா அது வேற சாதனமாக்கும். அதுக்குக் கடையும் வேற."

மறுபடி சனம் சிரித்தது. பிளஸ்ஸி இறங்கி வந்தாள். டம்ளரை வாங்கி, மிச்சமிருந்ததை அவன் காலடியில் கொட்டினாள்.

"ஒங்க ஊரும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். இனி இந்த மணல்ல கால் வைக்கமாட்டேன்."

அப்போதுதான் அவள் கண்களை அவன் நேராகப் பார்த்தான். பெரிய கண்கள். கோபம் என்று நினைத்தான்... கோபமில்லை. அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் பஸ் ஏறிப் போனபிறகு, மண்டைக்காட்டுக்காரியான பிரீனா சொன்னாள். சுனாமி வந்த அன்று பிளஸ்ஸிக்கு ஆறு வயது. அவள் அப்பா குமாரதாஸ் கன்னியாகுமரியில் பாசிமாலைக் கடை வைத்திருந்தார். "வெள்ளம் வருது, ஓடு மக்கா!" என்று அவர் கத்த, குழந்தை திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அப்பாவும் எப்படியோ பிழைத்து வந்தார். கடையை விட்டுவிட்டுக் குடும்பமே அஞ்சுகிராமத்துக்குப் போனது. அதன்பிறகு அவர்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்க்கப் போனதில்லை.

"அந்தப் பேடிய, அந்தப் பயத்தத் தீக்கணும்னுதான் ஓட வந்தா. ஒரு வருசமா பழகுனா, பாவம்..."

ஷாஜனுக்குத் தன் சிரிப்பே கசந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் அஞ்சுகிராமத்தில் யாரும் எதிர்பாராத மழை. பிளஸ்ஸி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குள் தொப்பலாக நனைந்து ஒருவன் நுழைந்தான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"என்ன வேணும்?"

"மன்னிப்பு."

குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அது இங்க ஸ்டாக் இல்ல."

"அப்பம்... ஒரு பாட்டில்... தண்ணி."

பரீட்சையில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி அந்தச் சொல்லைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. விடுவாளா? பாட்டிலை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிரீனா எல்லாம் பறஞ்சா. நான் சிரிச்சது தப்பு. அடுத்த வருசம் வந்து ஓடுங்க."

"பரிதாபப்பட்டுக் கூப்பிடுதியளா? கருங்கல் ஊருல ரப்பர் ஷீட் யாவாரம் பாக்கவரு, இதுக்குன்னு இவ்வளவு தூரம் வரணுமா? எனக்கு யாரு பரிதாபமும் வேண்டாம்."

"பரிதாபம் இல்ல. நீங்க எல்லாருக்கும் முன்ன ஓடி வந்தத நான் பாத்தேன். கொடி வரைக்கும் ஓடி வாறதையும் பாக்கணும். அவ்வளவுதான்."

மழையிலேயே இறங்கிப் போனான். வாங்கிய பாட்டிலை எடுக்க மறந்துவிட்டான். தன் ஊரையும் தொழிலையும் அவள் எப்படித் தெரிந்துவைத்திருந்தாள் என்று கேட்கவும் மறந்துவிட்டான்!

அந்தச் சனிக்கிழமை காலை அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'பிரீனா நம்பர் தந்தா. வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடுவேன். இன்னைக்கு மண்டைக்காட்டுல நிக்கேன். கடல் சும்மா கெடக்கு.'

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை... ரோஷம்!

ஆனால் சனிக்கிழமைதோறும் செய்தி வந்தது. 'இன்னைக்குக் கொஞ்சம் கோவத்துல இருக்கு, ஆனா ரோடு வரைக்கும் வராது.' 'இன்னைக்குப் பிள்ளைங்க கரையில பட்டம் விடுது.' வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். பிறகு எடுத்து இன்னொருமுறை வாசிப்பாள். இருபது வருடமாக அவள் மனதுக்குள் ஒரே ஒரு கடல்தான் இருந்தது, சீறிக்கொண்டு. இவன் வாராவாரம் வேறு கடல்களைக் கொண்டுவந்து காட்டினான்.

ஒரு சனிக்கிழமை செய்தி வரவில்லை. காலையிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போனாள். சாயங்காலம் போன் மினுங்கியது.

'காய்ச்சல். எழும்ப முடியல்ல. பிரீனாட்ட கேட்டேன். கடல் சும்மாதான் கெடக்கு.'

பிளஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவனுக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றுதான் முதல்முறையாகப் பதில் அனுப்பினாள்.

'மாத்திரை போட்டியளா?'

மறுநாளே குளத்தங்கரையில் ஓட ஆரம்பித்துவிட்டாள். அப்பா 'வேண்டாம் மக்கா' என்று சொல்ல வாயெடுத்தார். அவள் ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுபடி குடியரசு தினம். மறுபடி அதே மணல். தண்ணீர் கொடுக்க நின்ற பையன்கள் எல்லோரையும் ஷாஜன் பழக்கிவைத்திருந்தான். "தண்ணி... தண்ணி!" என்று எல்லோரும் ஒரே ராகத்தில் கூவினார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, விடிஞ்சும் விடியாமலும் தண்ணியா? வெக்கமில்லியா ஒங்களுக்கு!"

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் அவள் வந்தாள். எல்லோருக்கும் முன்னால்... கொடி அதோ நிற்கிறது. ஷாஜன் டம்ளரை நீட்டினான்.

"தண்ணி..."

பிளஸ்ஸி நின்றாள்.

"அது வேண்டாம்."

அவன் முகம் வாடிப்போனது. கை டம்ளரோடு அப்படியே நின்றது.

"எனக்கு... வெள்ளம் தாங்க."

பிரீனா அவர்களைத் தாண்டி ஓடினாள். "ஏட்டி, என்ன நிக்கா? ஓடுட்டி!"

"தோத்துப் போவிய..." என்றான் ஷாஜன்.

"போன வருசமும் ஒங்களாலதான் தோத்தேன். பழகிட்டு."

நிதானமாகக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"அந்தச் சொல்லு... பேடி இல்லியா இப்பம்?"

அவள் கடலை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இத்தன வருசமா அந்தச் சொல்லு அப்பாக்க குரல்லதான் எனக்குள்ள கேட்டுட்டு இருந்துச்சு. இப்ப... ஒங்க குரல்ல கேக்கு."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. எத்தனையோ சொற்களைத் தேடிவைத்திருந்தான், எல்லாம் மறந்துபோய்விட்டன. தன் ஊர்ச் சொல்தான் வாயில் வந்தது.

"எனக்கு ஒங்கள... ரெம்ப இஷ்டமாக்கும்."

"அதுக்கு அர்த்தம் பறயாண்டாம்," என்றாள் பிளஸ்ஸி, அவன் பேச்சிலேயே.

இன்னும் இரண்டு பெண்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அவள் டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"கொடிகிட்ட வந்து நில்லுங்க. நான் ஓடி வாறதப் பாக்கணும்னு சொன்னியள்ளா?"

நாலாவதாகத்தான் ஓடினாள். கடலை ஒட்டியே ஓடினாள். அலை ஒன்று ஏறி வந்து அவள் பாதங்களை நனைத்தது. அவள் விலகி ஓடவில்லை.